கர்ப்பிணியர் நல்லுறக்க வாரியமும் இன்னொரு தலையணையும்

ஒரு மனுஷி தூங்குவதற்கு என்னென்ன வேண்டும்? படுக்க ஓர் இடம் வேண்டும், கொஞ்சம் இருட்டு வேண்டும், மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும். இந்த மூன்றாவது சமாச்சாரம்தான் உலகத்தில் லேசில் கிடைப்பதில்லை. அதைக் கிடைக்கவிடாமல் செய்வதற்கென்றே நாலு மாடியில் ஒரு கட்டடம் கட்டி, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, வாசலில் 'கர்ப்பிணியர் நல்லுறக்க வாரியம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகையின் அடியில் 'நீங்கள் உறங்குங்கள், நாங்கள் விழித்திருக்கிறோம்' என்று எழுதியிருந்தது. மத்தியானம் இரண்டரை மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இதன் பின்பாதியை நம்புவதில்லை.

கடைத்தெரு முனையில் பூட்டு ரிப்பேர் செய்கிறவன் ஒருவன் இருந்தான். எந்தப் பூட்டையும் இரண்டு நிமிஷத்தில் திறந்துவிடுவான். எந்த மனிதரிடமும் இரண்டு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டான். அவன் மனைவி பஸ் கண்டக்டர். நாள் முழுக்க நெரிசலில் நின்று குரல் கொடுத்துப் பழகியவள், வீட்டிலும் அதே குரலில்தான் உப்பு எங்கே என்று கேட்பாள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். லீவில் இருந்தாள். மூன்று வாரமாகச் சரியான தூக்கம் கிடையாது.

காரணங்கள் ஒன்றும் பெரியவை அல்ல. கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே தெருவிளக்கு. ஜன்னல் திரையோ கொசுவலை மாதிரி மெல்லிசு. இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அப்படிப் படுத்தால் வயிற்றுக்கு அண்டை கொடுக்க ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே வைக்க ஒரு தலையணை வேண்டும். வீட்டில் இருந்தது ஆளுக்கு ஒன்று. அவனுடையதைப் பிடுங்கிக்கொண்டும் ஒன்று குறைந்தது.

"ஞாயித்துக்கிழமை கட்டில இந்தச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டுடறேன். ஜன்னல்ல கனமா ஒரு போர்வையக் கட்டிடலாம். இன்னொரு தலையணையும் வாங்கிட்டு வந்துடறேன்" என்றான் பூட்டுக்காரன்.

அரைமணி நேர வேலை. செய்திருந்தால் இந்தக் கதையும் இங்கேயே முடிந்திருக்கும்.

சனிக்கிழமை பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸ் ஒருத்தி கேட்டாள்: "நீங்க எதுக்குண்ணா கஷ்டப்படறீங்க? வாரியத்துல ஒரு மனுப் போட்டாப் போதும். அவங்களே வந்து ரூமை அமைச்சுக் கொடுத்துடுவாங்க. மெத்தை, திரை, தலையணை, சகலமும்." நல்ல பெண். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

மனுவுக்கு இருபத்திரண்டு பக்கம். பதினாலாவது கேள்வி, 'தூக்கம் வராத நேரங்களில் தூங்கியதுண்டா? உண்டெனில் காரணம் கூறுக.' முப்பத்தோராவது கேள்வி, 'வயிற்றிலுள்ள குழந்தைக்கு இந்த மனுவில் சம்மதமா?' அதற்குப் பக்கத்தில் கையொப்பத்துக்கு ஒரு கட்டம். கையெழுத்துப் போடத் தெரியாவிட்டால் பெருவிரல் ரேகை போதும் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சலுகையும் கொடுத்திருந்தார்கள். பூட்டுக்காரன் நெடுநேரம் யோசித்து, அந்தக் கட்டத்தில் 'பிறந்ததும் கேட்டுச் சொல்கிறேன்' என்று எழுதினான்.

முகப்பில் உட்கார்ந்திருந்த எழுத்தர் பக்கங்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க சம்சாரம் தூங்கலைங்கறதுக்கு அத்தாட்சி எங்கப்பா?"

"கண்ணைப் பாத்தாலே தெரியும் சார். செவந்து கெடக்கு."

"கண்ணு செவக்க ஆயிரம் காரணம் இருக்கும். எங்க மேற்பார்வையாளர் நேர்ல வந்து, அவங்க தூங்காம இருக்கறதப் பாத்துக் கையெழுத்துப் போடணும்."

"தாராளமா வரட்டும் சார். ராத்திரி எத்தனை மணிக்கு வருவார்?"

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "ராத்திரியா? வாரியத்தோட வேலை நேரம் பத்துலேர்ந்து அஞ்சு. எங்க ஆளுங்க ராத்திரி தூங்க வேணாமா?"

மேற்பார்வையாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நாலு பேரோடு வந்தார். கண்டக்டர் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளை உற்றுப் பார்த்து, 'மனுதாரர் விழித்திருக்கிறார்' என்று எழுதிக்கொண்டார். இதுவரை எல்லாம் சாதகம்தான். பிறகு வெளிச்சப் பிரிவைச் சேர்ந்தவர் ஜன்னலோரம் போய் நின்று ஏதோ ஒரு கருவியை நீட்டிப் பிடித்து, தன் அறிக்கையைச் சத்தமாகப் படித்தார்: "புகாரில் சொல்லப்பட்ட தெருவிளக்கு எரியவில்லை. அறைக்குள் வெளிச்சம் வருவது உண்மையே. ஆனால் அது சூரியனுடையது. சூரியன் வாரியத்தின் அதிகார வரம்புக்குள் வராது."

"ராத்திரில எரியும் சார்" என்றான் பூட்டுக்காரன்.

"ராத்திரி எரியறத நீங்க பாத்தீங்க. நான் பாக்கல. நான் பாக்காததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

கண்டக்டர் கத்தியோடு எழுந்து வந்தாள். பூட்டுக்காரன் அவசரமாக அதை வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு வந்தான். அதற்குள் மேற்பார்வையாளரின் ஆட்கள் படுக்கை அறைக் கதவைச் சாத்தி, நிலைக்கும் கதவுக்கும் சேர்த்து நீளமாக ஒரு தாளைப் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் மூன்று முத்திரை குத்தியிருந்தார்கள்.

"இது எதுக்கு சார்?"

"அறையோட இப்போதைய நிலைமையப் பாதுகாக்கணும்ல? நாளைக்கு நாங்க வசதி பண்ணிக் கொடுத்தப்பறம், முன்னாடி எவ்வளவு மோசமா இருந்துச்சுன்னு காட்டணும். நடுவுல நீங்க எதையாவது சரி பண்ணிட்டீங்கன்னா எங்க சாதனை குறைஞ்சு போயிடும்."

"அப்ப நாங்க எங்க படுக்கறது?" இது கண்டக்டர்.

மேற்பார்வையாளர் பரிவோடு சொன்னார்: "அம்மா, எங்க வாரியம் படுக்கை அறைக்கு மட்டும்தான். நீங்க வேற எங்க படுத்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

ஊரில் உள்ள எந்தப் பூட்டையும் திறக்கக்கூடியவன், தன் வீட்டில் ஒட்டிய தாளுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பூட்டாக இருந்தால் சத்தமில்லாமல் திறந்து, சத்தமில்லாமல் திரும்பப் பூட்டியிருப்பான். தாளைக் கிழித்தால் கிழித்ததுதான். மனு ரத்தாகிவிடும் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. கண்டக்டர் அன்றிலிருந்து முன்னறையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் பாயை விரித்து அவனும் முழித்துக்கொண்டு கிடந்தான். அவள் ஒரு தரம் அசைந்தால் அவன் இரண்டு தரம் எழுந்து உட்காருவான்.

எட்டாம் மாதம் பிறந்தது. இடப்பக்க அலுவலர் வந்தார். எந்தப் பக்கம் இடது என்று மனுதாரருக்குச் சுவரில் அம்புக்குறி போட்டுக் காட்டுவது இவர் வேலை. படுக்கை அறை முத்திரையிடப்பட்டிருந்ததால் முன்னறைச் சுவரில் போட்டார். கண்டக்டரை எதிரே நிற்கவைத்து, தன் இடது கைப் பக்கமாகச் சிவப்பில் முக்கால் முழ நீளத்துக்கு ஓர் அம்பு வரைந்தார்.

"சார், அது எனக்கு வலது" என்றாள் அவள்.

"உங்களுக்கு வலதா இருக்கலாம். நான் வாரியத்தோட சார்பா நிக்கறேன். வாரியத்துக்கு எது இடதோ அதுதான் இடது."

"நீங்க இந்தப் பக்கம் வந்து என் பக்கத்துல நின்னு பாருங்க."

"மனுதாரர் பக்கம் நிக்கறதுக்கு எனக்கு அனுமதி கெடையாதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் பெயிண்ட் டப்பாவை மூடினார்.

தலையணைப் பிரிவுக்குப் பூட்டுக்காரன் எட்டு நாள் நடந்தான். எட்டாவது நாள் ஒரு வழியாக அதன் பொறுப்பாளரான அம்மாளைப் பார்க்க முடிந்தது. அவருடைய நாற்காலியில் முதுகுக்கு ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு தலையணைகள் இருந்தன.

"தலைக்கு ஒண்ணுங்கறது விதி. உங்க மனைவிக்கு எத்தனை தலை?"

"ஒண்ணுதாங்க. ஆனா வயித்துக்கு ஒண்ணு, முழங்காலுக்கு ஒண்ணு..."

"வயிறும் முழங்காலும் தலையில வராது."

அவனுக்கு எங்கிருந்தோ ஒரு யோசனை வந்தது. "வயித்துக்குள்ள இன்னொரு தலை இருக்குங்களே?"

அந்த அம்மாள் விதிப்புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் தேடினார். பிறகு முகம் மலர்ந்தது. "அந்தத் தலைக்குத் தலையணை உண்டு. ஆனா தலைகீழாக் கெடக்கற தலைக்குக் கெடையாது. எட்டாம் மாசம் குழந்தை தலைகீழாத்தானே இருக்கும்? நீங்க அஞ்சாம் மாசமே வந்திருக்கணும்."

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது கண்டக்டர் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு ஒண்ணும் வேணாங்க. மெத்தை வேணாம், திரை வேணாம். ஒரே ஒரு தடவ படுத்து நல்லாத் தூங்கினாப் போதும். கண்ணை மூடினா தலை சுத்துது. இந்த லட்சணத்துல பிரசவத்த எப்படித் தாங்குவேன்?" அவன் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமையே கட்டிலைத் தள்ளிப் போடாத தன் புத்தியை அவன் மனசுக்குள் திட்டிய திட்டு அச்சில் ஏறாது.

இதற்கு நடுவே மூன்று நாள் நல்லுறக்கப் பயிற்சி வேறு. வராதவர்களின் மனு பரிசீலிக்கப்படாது. வகுப்பு தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு. அந்த ஒரு நேரத்தில்தான் அவளுக்கு நாற்காலியிலாவது கண் அசரும். வகுப்பில் அவளைப்போலவே சிவந்த கண்ணோடு இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது தலை சாய்ந்தால் பயிற்சியாளர் மேஜையில் படாரென்று தட்டுவார். "யாரும் தூங்கக் கூடாது! தூக்கத்தப் பத்திப் பாடம் நடக்குதுல்ல?"

ஒன்பதாம் மாதம் முதல் வாரத்தில் வாரியத்தின் ஆண்டு விழா. மனுதாரர்கள் கட்டாயம் வர வேண்டும். தலைவரே பேசுவார், பேசிய பிறகு, தகுதியுள்ளவர்களுக்கு ஆணை கிடைத்தாலும் கிடைக்கும். மண்டபத்தில் மடக்கு நாற்காலிகள். கண்டக்டர் முதுகு சாய்க்க முடியாமல் முன்னுக்குக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"தாய்மார்களே! இந்த வாரியம் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை நாற்பத்தோராயிரம் மனுக்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நாம் நிராகரித்ததில்லை! (கைதட்டல்.) ஒன்றைக்கூட அவசரப்பட்டு ஏற்றதும் இல்லை. இதற்குப் பெயர்தான் நடுநிலை. நம்மிடம் மனுப் போட்ட தாய்மார்கள் அனைவரும், அதிகபட்சம் ஏழெட்டு மாதங்களுக்குள், கர்ப்ப கால உறக்கமின்மையிலிருந்து முற்றிலும் விடுபட்டிருக்கிறார்கள் என்பதைப் புள்ளிவிவரம் காட்டுகிறது. (பலத்த கைதட்டல்.) எப்படி விடுபட்டார்கள் என்று சிலர் விஷமமாகக் கேட்கிறார்கள். எப்படி என்பதா முக்கியம்? 'ஐயா, உங்களுக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கிறதே, இரவில் தூக்கம் வருகிறதா?' என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன். படுத்தால் காலையில்தான் எழுந்திருப்பேன். அலுவலகத்திலும் அப்படியே. ஒரு தலைவனே தூங்கவில்லை என்றால், தூக்கத்தைப் பற்றி நாட்டுக்கு யார் எடுத்துச் சொல்வது?"

முக்கால் மணி நேரம் ஆயிற்று. கண்டக்டர் எழுந்தாள். "முகம் கழுவிட்டு வரேன்" என்று கணவனிடம் சொல்லிவிட்டுத் தாழ்வாரத்தில் நடந்தாள். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது கதவு திறந்திருந்தது. வாசலில் 'மாதிரிப் படுக்கை அறை. பார்வைக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

உள்ளே அகலமான கட்டில். ஜன்னலில் கனத்த நீலத் திரை. அதைத் தாண்டி ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. மெத்தை அமுங்கவும் இல்லை, முரண்டு பிடிக்கவும் இல்லை. தலைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று தலையணைகள் வரிசையாகக் கிடந்தன. காற்றாடி சத்தம் போடாமல் சுற்றியது. கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்புகூட இருந்தது. ஒன்பது வருஷமாக அங்கே யாரும் படுத்ததில்லை.

கால் மணி கழித்து மனைவியைத் தேடி வந்த பூட்டுக்காரன் வாசலிலேயே நின்றுவிட்டான். செருப்பைக் கழற்றிக் கட்டிலடியில் ஒழுங்காக வைத்துவிட்டு, நாலு தலையணையையும் அணைத்துக்கொண்டு, அவளுக்கு எது இடதோ அந்தப் பக்கம் திரும்பி, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மெல்லிசாகக் குறட்டை வந்தது. பல வாரமாகக் கேட்காத அந்தச் சத்தத்தைக் கேட்டு அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னாலேயே மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "ஐயையோ! மாதிரிக் கட்டில்ல படுத்துட்டாங்களே! எழுப்புய்யா! மொதல்ல எழுப்பு!"

பூட்டுக்காரன் கதவை மெதுவாகச் சாத்தினான். கட்டடத்தில் இருந்த நூற்றுச் சொச்சம் பூட்டுகளில் அதுவும் ஒன்று. பித்தளைப் பூட்டு, வெளியிலிருந்து பூட்டுவது. சட்டைப் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து அதற்குள் விட்டு ஒரு திருப்புத் திருப்பினான். க்ளிக் என்றது. பிறகு கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டான்.

"திறய்யா" என்றார் மேற்பார்வையாளர்.

"மெதுவாப் பேசுங்க சார்."

"எங்கிட்ட சாவி இருக்கு. நகரு."

"சாவி இனிமே சேராது சார். உள்ள இருக்கறத மாத்திட்டேன். இதத் திறக்கறதுக்கு இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியும்." அவன் கொஞ்சம் யோசித்தான். "எனக்கும் இப்ப மறந்து போச்சு. அவ முழிச்சதும் ஞாபகம் வரும்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. மேற்பார்வையாளர் தலைவரிடம் ஓடினார். தலைவர் வந்தார். பதினாறு பிரிவுகளின் பொறுப்பாளர்களும் வந்தார்கள். தாழ்வாரத்திலேயே அவசரக் கூட்டம் நடந்தது. கதவைத் தட்டலாம் என்றார் ஒருவர். உடைக்கலாம் என்றார் இன்னொருவர். தலைவர் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் முதல் விதி: 'உறங்கும் கர்ப்பிணியை எக்காரணம் கொண்டும் எழுப்பலாகாது. மீறுவோர் பணிநீக்கம் செய்யப்படுவர்.' ஒன்பது வருஷத்தில் அந்தப் பக்கத்தை யாரும் திறந்ததில்லை. அதற்கான சந்தர்ப்பம் யாருக்கும் வாய்க்கவில்லை.

தலைவரின் முகம் வெளிறியது. "எல்லாரும் செருப்பக் கழட்டுங்க" என்று கிசுகிசுத்தார்.

அதன்பிறகு அந்தக் கட்டடத்தில் நடந்ததை யாரும் அதுவரை பார்த்ததில்லை. விழா பாதியில் நின்றது. முத்திரை குத்துவது நின்றது. மணி அடிக்காமல் இருக்க டெலிபோன் ரிசீவர்களை எடுத்துக் கீழே வைத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு விரல் நுனியில் நடந்தார்கள். தும்மல் வந்த ஒருவரை மாடிக்கு அனுப்பினார்கள். யாரும் எந்த மனுவையும் தொடவில்லை, யாரையும் நாளைக்கு வா என்று சொல்லவில்லை. மண்டபத்தில் இருந்த மற்றப் பெண்களும் அந்த அமைதியில் மடக்கு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிப் போனார்கள். வாரியம் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வேலையைச் செய்தது.

மாலை நாலேமுக்காலுக்குக் கதவு உள்ளேயிருந்து தட்டப்பட்டது. பூட்டுக்காரனுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. கண்டக்டர் வெளியே வந்து சோம்பல் முறித்தாள். முகத்தில் பழைய களை வந்திருந்தது.

தலைவர் கையில் மாலையோடு நின்றார். "அம்மா! எங்க வாரியத்தோட முதல் பயனாளி நீங்கதான்! போட்டோக்காரர் இப்பதான் வந்தார். தயவு பண்ணி இன்னொரு தடவ உள்ள போய், அதே மாதிரிக் கண்ண மூடிப் படுங்க. நான் பக்கத்துல நின்னு போர்வையப் போத்தற மாதிரி ஒரு படம்..."

"அதுக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்க சார்" என்றாள் கண்டக்டர், பஸ்ஸின் பின்படிக்கட்டு வரை கேட்கும் குரலில். மண்டபத்தில் இருந்த பெண்களெல்லாம் விழித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பூட்டுக்காரன் கதவில் ஒட்டியிருந்த தாளை ஒரே இழுப்பில் கிழித்தான். கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கம் தள்ளினான். போர்வையை நாலாக மடித்து ஜன்னலில் கட்டினான். வரும் வழியிலேயே வாங்கிய தலையணையை அவளிடம் கொடுத்தான். கடிகாரத்தைப் பார்த்தான். இருபத்தாறு நிமிஷம் ஆகியிருந்தது. எட்டரை மணிக்குப் படுத்தார்கள்.

அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பகலெல்லாம் தூங்கினவளுக்கு எப்படி உடனே வரும்? ஆனால் உடம்புக்குச் சுகமாக இருந்தது. குழந்தை உள்ளே ஓர் உதை விட்டது. அதைச் சொல்லலாம் என்று அவன் பக்கம் திரும்பினால், இரண்டு மாதமாக அவளோடு சேர்ந்து விழித்துக் கிடந்த மனிதன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தான். அவன் விட்ட குறட்டையில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

கணவன்மார் குறட்டைக்கு வாரியத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. மூன்றாவது மாடியில் இருபத்தெட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். அவள் முழங்கையால் அவன் விலாவில் ஓர் இடி இடித்தாள். குறட்டை நின்றது. கொஞ்ச நேரத்தில் அவளும் தூங்கிப் போனாள்.